கடலுக்கு முதுகு காட்டும் கச்சேரி

மாசி முடிந்ததிலிருந்து ஐப்பசி வரை சென்னைவாசிகளாகிய நாம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பயந்து ஏசி அறைக்குள் ஒண்டிக்கொள்கிறோம். அதில் நியாயம் இருக்கிறது. கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழி வாடைக்காற்று வீசி, வியர்க்காமல் வெளியே உட்கார முடிகிற சாயங்காலங்கள் வருஷத்தில் இரண்டு மாதம்தான் வாய்க்கும். அப்போதாவது வெளியே வருகிறோமா? சபா அரங்கத்துக்குள் புகுந்து, ஏசி குளிர் தாங்காமல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தோடி கேட்கிறோம். ஊர் முழுக்கச் சும்மா கிடைக்கிற குளிர் வாசலில் காத்துக்கிடக்கிறது. நாம் உள்ளே மின்கட்டணம் கட்டிய குளிரில் நடுங்குகிறோம்.

போன டிசம்பரில் ஒரு மாலைக் கச்சேரி. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்குப் போகும் வழக்கமான மரியாதைக்குறைவில் நானும் கலந்துகொண்டேன். மிருதங்க வித்வான்கள் மன்னிக்க வேண்டும், அன்றைக்குப் பலகையில் அசோகா அல்வா என்று எழுதியிருந்தார்கள். காபி டம்ளருடன் வெளியே நின்றபோது தலைக்கு மேலே இருட்டில் ‘குவாக்’ என்று ஒரு குரல். பக்கத்தில் நின்ற பெரியவர் அண்ணாந்து பார்த்து, “என்ன சார், காக்காவா இந்நேரத்துல?” என்றார். காக்கை இல்லை, வக்கா. பகல் முழுக்க மரக்கிளையில் கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருந்துவிட்டு, நாம் கச்சேரிக்குக் கிளம்புகிற நேரத்தில் அது அடையாற்றுக்கோ கூவத்துக்கோ மீன் பிடிக்கக் கிளம்பும். பிறந்ததிலிருந்து மயிலாப்பூரில்தான் இருக்கிறாராம் பெரியவர். அந்தக் குரலை இத்தனை நாள் காக்கை என்றே நினைத்திருக்கிறார். “பாருங்களேன்!” என்று ஒரு நிமிஷம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே துக்கடா ஆரம்பித்துவிட்டது, போய்விட்டார்.

வக்கா உள்ளூர்வாசி. கச்சேரிகள் களைகட்டும் அதே வாரங்களில் வெளியூர் விருந்தாளிகளும் இங்கே வந்து இறங்கியிருப்பார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பூநாரைகள் தலைகீழாக அலகை வைத்துச் சேற்றைத் துழாவும். ஊசிவால் வாத்துகள் வட ஆசியாவின் பனியிலிருந்து தப்பி வந்து மிதக்கும். அடையாற்றின் முகத்துவாரத்தில் அலை பின்வாங்கிய ஈர மணலில் உள்ளான்கள் ஓடியோடிக் கொத்தும். தை பிறந்தால் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்கும். சீசனுக்காக நியூஜெர்சியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்கும் ரசிகர்களைப் பற்றிப் பத்திரிகைகள் வருஷாவருஷம் எழுதுகின்றன. எந்த ராகத்துக்கு யார் தலையாட்டினார்கள் என்பதுவரை செய்தி வருகிறது. சொல்லிவைத்ததுபோல் அதே மாதங்களில் வந்து, வெயில் ஏறும்போது அதேபோல் ஊர் திரும்புகிற இந்த இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சபாவில் யாரும் பேசுவதில்லை.

இந்த நகரம் தன் கலையை ஒரு கட்டடத்துக்குள்ளும் தன் கடலை இன்னொரு திசையிலும் வைத்துவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. நட்டம் இரண்டுக்கும்தான்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் கடற்கரையை ஒட்டி நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். காற்று வாங்கப் போன கூட்டம் சீக்கிரமே பேச்சுக் கேட்கவும் பாட்டுக் கேட்கவும் போகத் தொடங்கிவிட்டது. 1907-ல் வங்கத்துச் சுதேசித் தலைவர் விபின் சந்திர பாலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான் பேசினார். அவரை வரவழைக்க ஓடியாடியவர்களில் பாரதியும் ஒருவர். 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி ஒரு வானொலி மன்றம் தொடங்கினார். மூன்று வருஷத்தில் பணமில்லாமல் அது முடங்கியபோது ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரலிலிருந்து மாநகராட்சி சொந்தமாக வானொலி நடத்தியது. மாலை நேரத்தில் சங்கீதம். வீட்டில் ரேடியோப் பெட்டி வாங்க வக்கற்றவர்களுக்காக மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். குப்பை அள்ளுவதும் குழாய் போடுவதும் போலப் பாட்டுக் கேட்க வைப்பதும் ஒரு மாநகராட்சியின் வேலை என்று யாரோ ஒரு அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது! 1938-ல் அகில இந்திய வானொலி வந்து அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்வரை அது நடந்தது.

மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி விடியற்காலையில் பாபநாசம் சிவன் பஜனை கோஷ்டியோடு பாடிக்கொண்டே போவார். டிக்கெட் வேண்டியதில்லை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டே கேட்கலாம். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அடுத்த வருஷம் மியூசிக் அகாதெமி பிறந்தது. சொந்த அரங்கம் 1962-ல்தான் வந்தது. அதுவரை முப்பது வருஷத்துக்கு மேல் பந்தலிலும் இரவல் மண்டபங்களிலும்தான் சீசன்.

கட்டடம் வந்ததைக் குறை சொல்லவில்லை. கடற்காற்றில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்துவிடும், வீணைத் தந்தி துருவேறும், சுருதி நிற்காது. இதைச் சொல்லி என் வாயை அடைத்த ஒரு வீணைக் கலைஞருக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. எல்லாக் கலையும் மணலில் உட்கார்ந்து செய்யக்கூடியதும் இல்லை. ஆனால் வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியங்கள் நம்மிடம் உண்டே! பறையின் தோல் ஈரத்தில் தளர்ந்தால் பறைக்காரர் சருகைக் கூட்டித் தீ மூட்டி, காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அடிக்கிறார். அவர் ஏசி கேட்பதில்லை. நாகசுரம் நான்கு மாடவீதிக்கும் கேட்க வேண்டும் என்று செய்யப்பட்ட வாத்தியம். அதை மூடிய அரங்குக்குள் மைக் முன்னால் உட்கார வைத்து, தொடக்க விழாவில் பிரமுகர்கள் வந்து அமரும்வரை வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு “கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி” என்று காதைப் பொத்திக்கொள்கிறோம். குற்றம் வாத்தியத்தின் மேல் இல்லை.

கச்சேரியை வெளியே கொண்டுவர முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 2007-ல் பொங்கலை ஒட்டித் தொடங்கிய சென்னை சங்கமம் கரகாட்டத்தையும் ஒயிலாட்டத்தையும் தெருக்கூத்தையும் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. ஆட்சி மாறியதும் நின்றது. 2023-ல் அரசே மறுபடி எடுத்து நடத்தத் தொடங்கியது. தேர்தல் முடிவைப் பொறுத்து ஒரு ஊருக்குத் திருவிழா வருவதும் போவதும் தமிழ்நாட்டுக்கே உரிய விசேஷம். 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ கானாவையும் ஒப்பாரியையும் அந்த மாதத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் மைக் இல்லாமல் சிறுவர் சிறுமியர் பாடும் கச்சேரிகள் நடந்தன. மரத்தடியில் எட்டு வயதுப் பெண் மோகனம் பாட, மேலே அணில் தன் பாட்டுக்குக் கத்த, நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஷூவோடு நின்று கேட்ட காட்சி எந்த ஏசி அரங்கிலும் கிடைக்காது. மைக் இல்லாவிட்டால் கேட்பவர் வாயை மூடியாக வேண்டும் என்பது கூடுதல் லாபம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடந்த விழா. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையின் வடக்கு ஓரத்தில், அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மீனவர் ஊர் அது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் நண்பர்களும் சேர்ந்து 2015-ல் அதைத் தொடங்கினார்கள். பறையாட்டம், பரதநாட்டியம், குப்பத்துப் பிள்ளைகளின் வில்லுப்பாட்டு, கர்நாடக இசை எல்லாம் ஒரே மேடையில். பெசன்ட் நகரின் காபிக் கடைகளிலிருந்து அந்தக் குப்பத்துக்கு நடந்தால் பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்தை நாற்பது வருஷமாக நடந்திராதவர்கள் அன்றைக்கு நடந்தார்கள். “இங்கே இப்படி ஒரு ஊர் இருப்பதே தெரியாது” என்று ஒரு அம்மாள் வாய்விட்டுச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மீன்காரம்மா சிரித்துவிட்டு, “நாங்க இங்கதாம்மா இருக்கோம், ஒங்க வூட்டுக்குத்தானே தெனம் மீன் எடுத்தாறோம்” என்றார்.

கலையைக் கடற்கரைக்குக் கொண்டுபோகும்போது கடற்கரையும் தன் ஆட்களோடும் தன் சண்டைகளோடும் கூடவே வருகிறது. அதே குழுவினரின் கைவண்ணத்தில் 2017-ல் வந்த புறம்போக்குப் பாடல் எண்ணூர்க் கழிமுகத்தில் படம்பிடிக்கப்பட்டது. அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே நின்று ராகமாலிகை பாடினால் ராகமும் மாறிக் கேட்கிறது, சாம்பலும் கண்ணில் படுகிறது.

எண்ணூர் என்றதும் மணலைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைக் கரையோரம் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய சுவர் அதை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து மெரினா இத்தனை அகலமானது. வடக்கே போய்ச்சேர வேண்டிய மணல் போகாததால் ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. அங்கே இன்று பல இடங்களில் மணலுக்குப் பதில் கருங்கல் கிடக்கிறது. சுண்டல் பொட்டலத்தோடு நாம் காலாற நடக்கிற மெரினா, வடசென்னையிடமிருந்து வாங்கித் திருப்பித் தராத கடன். சபாக்களும் பூங்காக்களும் தெற்கிலேயே குவிந்திருப்பதற்கும் இந்த மணலுக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். இருந்தாலும் இரண்டும் ஒரே திசையில் ஒதுங்கியிருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கானா பிறந்த வடசென்னையில் அதற்கென்று நல்ல திறந்தவெளி அரங்குகள் எத்தனை?

‘திறந்தவெளி நிகழ்ச்சி’ என்றால் நம் அதிகாரிகளுக்கும் விழா அமைப்பாளர்களுக்கும் ஒரே அர்த்தம்தான்: லட்சம் பேர், கோபுர உயர ஒலிபெருக்கி, பகலாக்கும் விளக்கு. 2024 அக்டோபர் 6 அன்று விமானப்படைச் சாகசத்தைப் பார்க்க மெரினாவில் திரண்ட கூட்டத்தில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். உச்சி வெயில், நிழல் இல்லை, குடிதண்ணீர் கிடைக்கவில்லை, திரும்பிப் போக ரயிலில் கால்வைக்க இடமில்லை. 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஒரு திரையிசைக் கச்சேரியில் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் குழந்தைகளோடு தத்தளித்தார்கள். இவற்றைப் பார்த்துவிட்டு, ‘அரங்கமே தேவலாம்’ என்று ஒருவர் சொன்னால் எப்படி மறுப்பது?

இத்தனைக்கும் இந்த ஊருக்குக் கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. காணும் பொங்கலன்று மெரினாவுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து குவிகிறார்கள். குழந்தைகள் தொலைந்துவிடாமல் இருக்கக் கையில் பட்டை கட்டி அப்பா அம்மாவின் கைபேசி எண்ணை எழுதிவிடுகிறது காவல் துறை. எளிய ஏற்பாடு, வேலை செய்கிறது. மறுநாள் காலை மணலில் கிடக்கும் குப்பையைப் பற்றி எழுதினால் வயிற்றெரிச்சல்தான், விட்டுவிடுகிறேன்.

வெளிச்சத்துக்கு வருவோம். சென்னைக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை நூறு முட்டைக்கு மேலும் இடும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சு வெளியே வரும். இருட்டில் கடல்தான் வெளிச்சமான திசை என்பது அதற்குப் பிறவியறிவு. கரையில் உயர்கோபுர விளக்கு எரிந்தால் கடலென்று நம்பி சாலைப் பக்கம் ஊர்ந்து, விடிவதற்குள் காக்கைக்கும் நாய்க்கும் டயருக்கும் இரையாகும். 1988-லிருந்து கல்லூரி மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று சீசன் முழுக்க இரவுகளில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக, சம்பளம் இல்லாமல், தூக்கம் கெட்டு! 2025 ஜனவரியில் மட்டும் இழுவலைகளில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்ததாகக் கருதப்படும் ஆமைகள் நூற்றுக்கணக்கில் இதே கரையில் ஒதுங்கின. கடலுக்குள் அத்தனை ஆபத்தைத் தாண்டி வருகிற ஆமைக்காக, கரையில் நாம் ராட்சத விளக்கு வைத்துக் காத்திருக்கிறோம்.

ஆகவே, கடற்கரைக் கச்சேரி வேண்டும் என்று கேட்கும் நான், இருட்டான, சிறிய, சத்தம் குறைந்த கச்சேரிகளைத்தான் கேட்கிறேன். இருநூறு பேர் போதும். மாதத்துக்கு ஒன்று என்று ஒரே இடத்தில் திணிக்காமல், வாரம் நான்கு இடத்தில், ஆமை வராத இடமாகப் பார்த்து, சூரியன் மறைவதற்கு முன் தொடங்கி எட்டு மணிக்குள் முடியட்டும். கச்சேரியைவிட முக்கியம் கழிப்பறை. மூன்று மணி நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பெண்களுக்குக் கழிப்பறை இல்லையென்றால் அது ஆண்களுக்கான விழா. மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகள் அலையருகே போய் நிற்பதற்கு மரப்பாதை திறந்தார்கள். முதல் நாள் சக்கர நாற்காலியில் போய் வாழ்க்கையில் முதன்முறையாக அலையைத் தொட்டவர்களின் முகங்களைப் பத்திரிகையில் பார்த்தோம். பத்துப் பன்னிரண்டு நாளில் மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது. ஊரே கேலி செய்தது. ஆனால் சரிசெய்து மறுபடி திறந்தார்கள் பாருங்கள், அதற்குத்தான் கைதட்ட வேண்டும். கடலோரத்தில் எதைக் கட்டினாலும் வருஷாவருஷம் பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் புதிதாகக் கோடிகளைக் கொட்ட வேண்டியதில்லை. பறக்கும் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கினால் மெரினா, திருமயிலையில் சபாக்களும் மாடவீதியும், கோட்டூர்புரத்தில் ‘நிழல்’ அமைப்பினர் 2006-லிருந்து வளர்த்த மரப்பூங்கா, திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா, பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். விடியற்காலையில் பூநாரை பார்த்துவிட்டு, மத்தியானம் மரநிழலில் உலாவி, மாலையில் கச்சேரி கேட்டு, ராத்திரி கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்ன ஒரே தண்டவாளம். வேறெந்த ஊரிலாவது இப்படி ஒரு ரயில் இருந்தால் அதற்கே தனி வரைபடம் அச்சிட்டு விற்றிருப்பார்கள். நாம் அந்த நிலையங்களை இரவில் பெண்கள் தனியாக ஏறப் பயப்படும் இருட்டுக் குகைகளாக விட்டுவைத்திருக்கிறோம். இருட்டு வேண்டிய கடற்கரையில் வெளிச்சம், வெளிச்சம் வேண்டிய நிலையத்தில் இருட்டு!

கலாக்ஷேத்ராவைப் பற்றிச் சொல்லும்போது ருக்மிணி தேவியைத் தாண்டிப் போக முடியாது. பரதநாட்டியத்துக்கு அவர் செய்தது சரியா, யாரிடமிருந்து யாருக்கு அது கைமாறியது என்ற விவாதம் தொடரட்டும், தொடர வேண்டியதுதான். 1936-ல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய அதே பெண்மணிதான் மாநிலங்களவையில் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்து, 1960-ஆம் ஆண்டு சட்டத்துக்கு வழிபோட்டார். விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். ஆடலும் உயிரினங்களும் அவருக்குத் தனித்தனித் துறைகளாக இருக்கவில்லை. கலாக்ஷேத்ரா இப்போது இருக்கிற திருவான்மியூர் மணலில் அவரும் உடனிருந்தவர்களும் வளர்த்த மரங்களுக்கு நடுவே நடந்துபோய்த்தான் இன்றும் நடனம் பார்க்க வேண்டும். அந்த நடையிலேயே பாதி மனசு தயாராகிவிடுகிறது. வாகன நிறுத்தத்திலிருந்து லிஃப்ட் வழியாக நேராக நாற்காலிக்குப் போகிற அரங்குகளில் அது நடப்பதில்லை.

கரைக்கு முதல் உரிமை யாருக்கு என்பதையும் மறைக்கக் கூடாது. கலை, இயற்கை என்று பேசிக்கொண்டே கடற்கரையை ‘அழகுபடுத்த’ கிளம்புகிறவர்களுக்கு முதலில் அசிங்கமாகத் தெரிவது வலையும் படகும் மீன்கடையும்தான். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் சாலையோர மீன்கடைகளை அகற்றியபோது மீனவப் பெண்கள் சாலையில் மீனைக் கொட்டி மறியல் செய்தார்கள். அடுத்த வருஷம் நவீன அங்காடி கட்டிக் கொடுக்கப்பட்டது. நமக்குக் கடற்கரை பொழுதுபோக்கும் இடம், அவர்களுக்கு வேலை செய்யும் இடம். எந்த மேடை போட்டாலும் அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுவதில் நம் குடி முழுகிவிடாது.

இரண்டு வருஷம் முன்பு பொங்கல் முடிந்த வாரம், தென்சென்னையில் ஒரு குப்பத்தில் இளைஞர்கள் பாட்டுக் கச்சேரி வைத்திருந்தார்கள். ஒரு கீபோர்டு, ஒரு டோலக், ஒரு பறை, மூங்கிலில் கட்டிய நான்கு குழல்விளக்கு. கானா, பிறகு பழைய எம்.ஜி.ஆர் பாட்டு, நடுவில் ஒரு சின்னப் பையனின் மிமிக்ரி. முன்வரிசையில் பாட்டிகள் வெற்றிலை மென்றபடி மணலில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதே முக்கால் இருக்கும். கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்ற சட்டத்தைச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கீபோர்டுக்காரரின் தோளைத் தொட்டு, “போதும்டா. லைட்ட அணைங்க, ஆம வர்ற நேரம்” என்றார்.

“இன்னும் ஒரே ஒரு பாட்டு மாமா” என்றான் பையன்.

“லைட்ட அணைச்சுட்டுப் பாடு.”

குழல்விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மைக்கும் செத்தது. பறைக்காரர் விளிம்பில் மெல்ல விரலைத் தட்ட, பையன் வெறும் தொண்டையில் பாடினான். எங்கள் பின்னால் அலை அடிக்கும் சத்தம் அப்போதுதான் கேட்கத் தொடங்கியது.